உபகாரமா? ஊதியமா?

சொற்களிலே வரலாறு உறங்குகிறது. தட்டி எழுப்பினால் பேசும். பேசத் தொடங்கினால், ஏடுகள் மறைத்ததையும் எடுத்துரைக்கும். அத்தகைய சொல் ஒன்றை இன்று நாம் தட்டி எழுப்ப விரும்புகிறோம். 'உபகாரச் சம்பளம்' என்பது அச்சொல்.

இன்றைய இளைஞர்க்கு அது புதிதாகத் தோன்றலாம். நம் பாட்டன்மாருக்குப் பழக்கமான சொல். பணியிலிருந்து விலகிய முதியவர் திங்கள்தோறும் பெறும் தொகையை, ஆங்கிலத்திலே பென்ஷன் எனப்பட்டதை, தமிழிலே அன்று அப்படித்தான் எழுதினர். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! உபகாரம் என்றால், செய்பவன் ஒருவன், பெறுபவன் மற்றொருவன். செய்பவன் கை மேலே. பெறுபவன் கை கீழே. செய்தால் நன்றி கூற வேண்டும். செய்யாவிட்டால் வாய்மூடி இருக்க வேண்டும். உபகாரத்தை வழக்காடிப் பெற்றவர் உண்டா? தருமத்தைத் தட்டிக் கேட்டவர் உண்டா?

முப்பது ஆண்டு கோப்பு சுமந்தவர், தண்டவாளத்தைக் காத்தவர், கொதிகலனுக்கு அருகே நின்று கருகியவர், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர், இவர்கள் உழைப்பை உறிஞ்சிக்கொண்ட பிறகு தரப்படும் தொகைக்குப் பெயர் உபகாரமாம்! பிற்காலத்திலே தமிழ் தழைத்தது; 'ஓய்வூதியம்' என்ற சொல் ஆட்சிமொழியிலே ஏறியது. ஊதியம் என்பது வள்ளுவர் கையாண்ட சொல்; உழைத்தவன் அடையும் பயன். சொல் மாறியதும் பொருளும் மாறிற்றா? இல்லை. அதற்கு நூறாண்டுக்கு மேல் வழக்கு நடந்திருக்கிறது. அவ்வழக்கின் வரலாற்றைத்தான் நாம் கூற வந்தோம்.

மன்னர்களிடமிருந்தே தொடங்குவோம். இந்நாட்டிலே கும்பெனியார் முதலில் பென்ஷன் வழங்கியோரிலே முன்வரிசையில் நின்றவர்கள், உழைத்துக் களைத்தவர்கள் அல்லர், ஆட்சியை இழந்தவர்கள். 1799இலே திப்பு வீழ்ந்ததும், அவர் மைந்தர்களை வேலூர்க் கோட்டையிலே வைத்து, உதவித்தொகை வழங்கினர். 1806இலே அக்கோட்டையிலே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின், அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். பேஷ்வா இரண்டாம் பாஜிராவுக்கு ஆண்டுக்கு 8 இலட்ச ரூபாய் தந்தனர். 1851இலே அவர் மறைந்ததும், அவருடைய தத்துப் பிள்ளை நானா சாகிபுக்கு அத்தொகை இல்லை என்று கைவிரித்தனர். கேட்டுப் பார்த்தார், இலண்டன் வரை தூது அனுப்பிப் பார்த்தார், கிட்டவில்லை. 1857இலே அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும்.

கொடுத்த கை விரும்பினால் மூடிக்கொள்ளும், மூடிய கையைத் திறக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. இதுதான் அன்றைய நீதி. இந்த நீதிக்குச் சட்ட உடை தைத்துப் போட்ட ஆண்டு 1871. அவ்வாண்டின் 23ஆம் எண் சட்டம், பென்ஷன் சட்டம். அதன் 4ஆம் பிரிவு என்ன கூறிற்று? அரசு வழங்கும் பென்ஷன் பற்றி, அது எதற்காக வழங்கப்பட்டதாயினும் சரி, உரிமையியல் நீதிமன்றம் வழக்கை ஏற்கலாகாது என்று கூறிற்று. குறை இருந்தால் கலெக்டரிடம் முறையிடலாம். அவர் சான்றளித்தால் மட்டுமே நீதிமன்றக் கதவு திறக்கும். கடன்காரன் கையிலே பென்ஷன் சிக்காதபடி அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு காத்தது. அதை மறைக்க வேண்டுவதில்லை. கடன்காரனிடமிருந்து காத்த சட்டம், கொடுக்கவேண்டியவனிடமிருந்து காக்கவில்லை!

அந்நாளைய பணி விதிகளிலே மற்றொரு விந்தையும் இருந்தது. ஊழியத்தையே இரண்டாகப் பிரித்திருந்தனர்: 'மேலான ஊழியம்', 'தாழ்ந்த ஊழியம்' என்று. எழுத்தருக்கு ஒரு கணக்கு. ஏவலருக்கு மற்றொரு கணக்கு. வருணாசிரமத்தை வேதத்திலே மட்டுமே கண்டதாக எண்ணுவோர், வெள்ளையன் விதிப்புத்தகத்தையும் புரட்டிப் பார்த்திருக்கலாம். தரையைப் பெருக்கியவன் முதுமையிலும் தாழ்ந்தவன்! அவன் வயிறு மட்டும் குறைவாகப் பசிக்கும் என்று எண்ணினர் போலும்!

அதே வெள்ளையன் தன் நாட்டிலே என்ன செய்தான்? ஜெர்மனி 1889இலே முதியோர் காப்பீட்டுச் சட்டம் இயற்றிற்று. 70 வயது நிறைந்த தொழிலாளிக்கு ஓய்வூதியம் என்றது. பிரிட்டன் 1908இலே முதியோர் பென்ஷன் சட்டம் கண்டது. 70 வயது நிறைந்த ஏழை முதியவர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. அச்சட்டத்திலும் நன்னடத்தைச் சோதனை உண்டு, குறைபாடுகள் உண்டு. ஆயினும், முதுமை என்பது தலைவிதியன்று, சமுதாயம் தாங்க வேண்டிய சுமை என்ற உண்மை அங்கே சட்டப்புத்தகத்தில் ஏறிற்று. இங்கோ, 1871இன் பூட்டு அப்படியே தொங்கிற்று.

விடுதலை வந்தது. 1950இலே அரசியல் சட்டம் வந்தது. பூட்டு உடைந்ததா? அச்சட்டத்தின் இரண்டு பிரிவுகளை அருகருகே வைத்துப் படிப்போம். 291ஆம் பிரிவு: முன்னாள் மன்னர்களுக்கு உறுதியளிக்கப்பட்ட மானியம் நாட்டின் தொகுப்பு நிதியிலிருந்து தரப்படும், வருமான வரி கிடையாது. 41ஆம் பிரிவு: வேலையின்மை, முதுமை, நோய் ஆகியவற்றின்போது அரசு உதவி செய்ய முயலும். ஆனால், தன் பொருளாதார வலிமையின் எல்லைக்குள்! மேலும் அது வழிகாட்டும் நெறி; நீதிமன்றத்திலே வலியுறுத்த முடியாது. முடி துறந்தவனுக்கு முத்திரையிட்ட உறுதி. முதுகு வளைந்தவனுக்கு 'முடிந்தால் பார்க்கலாம்'! மன்னர் மானியம் 1971இலே, 26ஆவது திருத்தத்தால்தான் ஒழிந்தது.

அதே 1971இலே மற்றொன்றும் நடந்தது. பீகார் மாநிலத்தின் கல்வித்துறையிலே பணியாற்றிய தேவகிநந்தன் பிரசாத் என்பாருக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. நெடுநாள் பணிக்கு வரவில்லை என்று அரசு கூறிற்று. அவர் உச்சநீதிமன்றத்தின் படியேறினார். 1971 மே திங்களிலே தீர்ப்பு வந்தது. ஓய்வூதியம் அரசின் மனம்போல் வழங்கும் கொடையன்று. விதிகளின்படி ஊழியருக்கு உரிய சொத்து. வெறும் நிர்வாக ஆணையால் அதை நிறுத்தி வைக்க இயலாது. 1871இன் சட்டம் இதற்குக் குறுக்கே நிற்காது! நூறாண்டுப் பூட்டின்மீது முதல் சம்மட்டி அடி அது. பூட்டியது 1871, அடி விழுந்தது 1971. ஒரு நூற்றாண்டு, தோழர்களே! எத்தனை தலைமுறை அந்தக் கதவின் முன்னே காத்துக் கிடந்து மடிந்திருக்கும்!

பிற்பாடு, 1978இலே 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆயினும், சட்டத்தின் வழியாலன்றி எவர் சொத்தையும் பறிக்கலாகாது என்ற 300அ பிரிவு நின்றது. அதன் நிழலிலே ஓய்வூதியமும் நிற்கிறது என்று 2013இலே ஜார்க்கண்டு வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் மீண்டும் உறுதி கூறிற்று.

இரண்டாவது அடி இன்னும் வலியது. 1979 மே திங்களிலே நடுவண் அரசு, ஓய்வூதியக் கணக்கைத் தாராளமாக்கிற்று. சராசரிச் சம்பளத்தைக் கணக்கிடும் முறை சீரானது, உச்சவரம்பு உயர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால், 1979 மார்ச் 31ஆம் நாளிலோ அதன் பின்னரோ ஓய்வு பெற்றோர்க்கே அது உண்டு என்று ஒரு கோடு கிழித்தனர். மார்ச் 30இலே ஓய்வு பெற்றவர் பழைய கணக்கிலே. மறுநாள் பெற்றவர் புதிய கணக்கிலே! ஒரே நாற்காலியிலே ஒருவர் பின் ஒருவராக அமர்ந்தவர்கள், ஒரே பணி, ஓரிரவு இடைவெளி. அரிசிக் கடைக்காரன் நாள் பார்த்தா விலை சொல்லுகிறான்? நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்து மனிதனுக்கு வாழ்வு வகுப்பதைச் சோதிடம் என்று நாம் இகழ்கிறோம். அரசாங்கமே செய்தால் அதற்குப் பெயர் கொள்கையாம்!

பாதுகாப்புத் துறையிலே பணியாற்றி 1972இலே ஓய்வு பெற்ற டி.எஸ். நகரா என்பாரும் மற்றவரும் வழக்குத் தொடுத்தனர். 1982 டிசம்பர் 17ஆம் நாள், ஐந்து நீதிபதிகள் அமர்ந்த ஆயத்திலே, நீதிபதி டி.ஏ. தேசாய் தீர்ப்பை எழுதினார். ஓய்வூதியம் பிச்சையன்று, கருணையன்று. செய்த பணிக்கான ஈடு. உழைக்கும் வலு உள்ள நாளெல்லாம் உழைத்தவர்க்கு, வலு ஒடுங்கிய காலத்திலே சமுதாயம் செய்யும் நீதி. ஓய்வூதியர் அனைவரும் ஒரே இனம்; நாளைக் கொண்டு அவர்களைப் பிளப்பது 14ஆம் பிரிவு காட்டும் சமத்துவத்துக்கு மாறு. இதுவே அத்தீர்ப்பின் சாரம். அந்த டிசம்பர் 17ஐத்தான் ஓய்வூதியர் நாளாக முதியோர் கொண்டாடுகின்றனர். பஞ்சாங்கத்திலே இல்லாத திருநாள்; ஆனால், காரணம் உள்ள திருநாள்!

இத்துடன் கதை முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். இதுவரை நாம் கூறியது, அரசின் நேர் ஊழியர் கதை. அரசுக்கு மற்றொரு பிள்ளை உண்டு, அதுதான் பொதுத்துறை. 1953இலே விமானப் போக்குவரத்து நாட்டுடைமையாயிற்று. 1956இலே ஆயுள் காப்பீடு. அதே ஆண்டிலே நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. 1969 ஜூலை 19இலே 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. மின்வாரியங்கள், போக்குவரத்துக் கழகங்கள், எஃகு ஆலைகள் எழுந்தன. தனியார் கொள்ளையிலிருந்து தொழிலை மீட்டுப் பொதுவாக்குவதை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால், அங்கே உழைப்பவன் யார்? அரசு ஊழியனா, தனியார் தொழிலாளியா?

கேள்வி எளிது, விடைதான் வழுக்கும். இந்துஸ்தான் ஸ்டீல் வழக்கிலே, அந்நிறுவனத்தின் ஊழியர் அரசுப் பணியாளர் அல்லர், ஆகவே 311ஆம் பிரிவின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை என்று உச்சநீதிமன்றம் கூறிற்று. மறுபக்கம், 1967இலே இராஜஸ்தான் மின்வாரிய வழக்கிலும், 1975இலே எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம், ஆயுள் காப்பீட்டுக் கழகம், தொழில் நிதிக் கழகம் ஆகியவை பற்றிய சுகதேவ் சிங் வழக்கிலும், இவையெல்லாம் 12ஆம் பிரிவின்படி 'அரசு' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று கூறிற்று. ஆகவே, பாகுபாடு காட்டினால் கேள்வி கேட்கலாம். ஆனால், அரசு ஊழியருக்கு உள்ளதெல்லாம் எனக்கும் உண்டு என்று கேட்க முடியாது. வழக்கு மன்றத்திலே நிற்கும்போது 'அரசு'. ஓய்வூதியம் கேட்கும்போது வெறும் 'நிறுவனம்'! தந்தை பெயரைச் சொல்லலாம். தந்தை வீட்டிலே பங்கு கேட்கலாகாது!

இதற்கு அண்மைச் சான்றும் உண்டு. மகாராட்டிரத்தில் நீர், நில மேலாண்மைப் பயிற்சி நிறுவனம் ஒன்றின் ஊழியர், அரசு ஊழியர்க்கு நிகராக ஓய்வூதியம் வேண்டினர். தன்னாட்சி நிறுவனத்தார், அரசு ஊழியர்க்கு உள்ளதை உரிமையாகக் கேட்க இயலாது என்று 2022 சனவரியிலே உச்சநீதிமன்றம் மறுத்தது.

அப்படியானால் பொதுத்துறை ஊழியனுக்கு எந்தச் சட்டம்? 1952இலே தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. பிராவிடண்ட் பண்டு என்று ஊரெல்லாம் வழங்கும் திட்டம். சிமெண்டு, சிகரெட்டு, பொறியியல் பொருள், இரும்பு எஃகு, காகிதம், நெசவு என்னும் ஆறு தொழில்களிலே அது தொடங்கிற்று. தொழிலாளி ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு. அரசுக்கு உடைமையான அல்லது அரசின் ஆளுகையிலுள்ள நிறுவனத்துக்கும் அது பொருந்துமா? 1988இலே திருத்தப்பட்ட 16ஆம் பிரிவு இதற்கு விடை தந்தது. அரசின் ஆளுகை இருந்தால் மட்டும் போதாது. அந்நிறுவனத்தின் ஊழியர், அரசு வகுத்த வேறொரு திட்டத்தின்படி வைப்பு நிதியோ முதுமை ஓய்வூதியமோ பெறவும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் விலக்கு. பெயர்ப்பலகை விலக்கு தராது. ஊழியன் கைக்கு வந்து சேரும் பயனே விலக்கு தரும். இதை இளைஞர்கள் மனத்திலே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏன் என்கிறீர்களா? பவன் ஹன்ஸ் என்னும் ஹெலிகாப்டர் நிறுவனம், அரசின் ஆளுகையிலிருந்தது. தனக்கென வைப்பு நிதி அறக்கட்டளையும் வைத்திருந்தது. நிலையான ஊழியர் அதிலே சேர்ந்தனர். ஒப்பந்த ஊழியர் வெளியே நின்றனர். நாங்கள் அரசு நிறுவனம், எங்களுக்கு அச்சட்டம் இல்லை என்று நிறுவனம் வாதாடிற்று. 2020 சனவரியிலே உச்சநீதிமன்றம், ஒப்பந்த ஊழியர்க்குப் பயன் கிட்டவில்லையாதலால் விலக்கும் இல்லை என்று கூறி, அவர்களுக்கும் வைப்பு நிதி உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஒரே விமானதளம், ஒரே வெயில், ஒரே வேலை. ஆனால் ஒருவனுக்குச் சேமிப்பு, மற்றவனுக்குச் சூனியம். இதைத் தீண்டாமையின் புது வடிவம் என்று நாம் கூறினால், மிகையென்பார் உண்டோ?

பணிக்கொடையின் கதையும் இத்தகையதே. அச்சொல்லிலும் 'கொடை' ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்க! ஆங்கிலச் சொல்லின் வேரும் அன்பளிப்பையே குறிக்கும். 1972இன் சட்டம், ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றினோர்க்கு, நிறைந்த ஓராண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கிலே அதை வகுத்தது. கொடை என்ற பெயரிலே உரிமை நுழைந்தது. டில்லி மாநகராட்சி, தன் ஊழியர்க்கு அரசின் ஓய்வூதிய விதிகளையே பின்பற்றுவதால், இச்சட்டம் தனக்குப் பொருந்தாது என்றது. மாநகராட்சி என்பது அரசன்று. முறைப்படி விலக்குப் பெறாதவரை சட்டம் பொருந்தும் என்று 1998இலே உச்சநீதிமன்றம் தீர்த்தது.

1995 நவம்பர் 16இலே தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் வந்தது. தனியார் தொழிலாளியோடு, தனித்திட்டம் இல்லாத பொதுத்துறை ஊழியனும் அதிலே அடங்கினான். அதன் கணக்கை மாணவனைப்போல் போட்டுப் பார்ப்போம். கணக்கிற்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சம்பளத்துக்கோ உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பரிலே அது 15,000 ரூபாயாக உயர்ந்தது. அந்த வரம்பிலே 35 ஆண்டுக் கணக்குக்கு, 15,000 பெருக்கல் 35, வகுத்தல் 70. வருவது 7,500 ரூபாய். மெய்யாக அவன் வாங்கிய சம்பளம் ஐம்பதாயிரமாக இருந்தாலும் கணக்கு அதுதான். அதே திங்களிலே குறைந்த அளவு ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று அறிவித்தனர். பழைய விதிகளின்படி அரசு ஊழியர் பெற்றதோ, இறுதிச் சம்பளத்திலே பாதி. அதற்கு அகவிலைப்படியும் உண்டு. ஒரே தெருவிலே இரண்டு முதியவர். இருவரும் பொதுமக்களுக்கே உழைத்தவர்கள்.

வங்கி ஊழியர் போராடினர். 1993இலே உடன்பாடு, 1995இலே விதிகள், வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்குக்கு மாற்றாக ஓய்வூதியம் வந்தது. அன்று அஞ்சித் தயங்கியோர்க்கு 2010இலே மற்றொரு வாய்ப்புத் தந்தனர். ஆனால், 2010 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்க்கு அந்தக் கதவை அடைத்தனர். வைப்பு நிதிக்கும் ஓய்வூதியத்துக்கும் இடையே தேர்வு செய்யச் சொல்லும்போது, தொழிலாளி எதிர்கால விலைவாசியையும் தன் ஆயுளையும் ஊகித்தாக வேண்டும். இரயில்வே ஊழியர்க்கு 1957 முதல் இத்தகைய வாய்ப்பு பலமுறை தரப்பட்டது. ஏற்காமல் வைப்பு நிதியிலேயே நின்று ஓய்வு பெற்றோர், நகரா தீர்ப்பைக் காட்டித் தமக்கும் ஓய்வூதியம் வேண்டினர். 1990இலே கிருஷ்ண குமார் வழக்கிலே, ஐந்து நீதிபதிகள் மறுத்தனர்: வைப்பு நிதியார் வேறு, ஓய்வூதியர் வேறு, தொகையைப் பெற்றதும் கணக்குத் தீர்ந்தது என்றனர். ஒரு நாள் எடுத்த முடிவு, ஒரு வாழ்நாளைக் கட்டிப்போட்டது!

ஓய்வுச் சட்டம் ஆணுக்கு ஒரு முகமும் பெண்ணுக்கு ஒரு முகமும் காட்டியதையும் இங்கே கூறாமல் விடலாகாது. நாட்டுடைமையான ஏர் இந்தியாவிலே, விமானப் பணிப்பெண்ணின் பணி எப்போது முடியும்? 35 வயதில், அல்லது சேர்ந்த நான்காண்டுக்குள் மணம் புரிந்தால், அல்லது முதன்முறை கருவுற்றால்! எது முந்துகிறதோ அது. அதே விமானத்திலே, அதே பயணிகளுக்குப் பணியாற்றிய ஆணுக்கோ ஓய்வு வயது 58. 1981 ஆகஸ்டிலே நர்கேஷ் மிர்சா வழக்கிலே, கருவுற்றால் வேலை போகும் என்ற விதியை, பெண்மையை இழிவு செய்வது எனக் கண்டு உச்சநீதிமன்றம் வீழ்த்திற்று. நிர்வாக இயக்குநர் விரும்பினால் பணியை நீட்டிக்கலாம் என்ற கட்டற்ற அதிகாரத்தையும் வீழ்த்திற்று. வாழ்த்துவோம். ஆனால், நான்காண்டு மணத்தடையை நிலைக்க விட்டது. ஆண்களும் பெண்களும் வெவ்வேறு வகுப்பினர் என்றது. பெண்ணுக்கு உழைப்பு உண்டு, முதுமை இல்லை, முதுமைக்கு முன்னே அழகு போய்விடும் என்று கணக்கிட்டவர்கள், கோயில் திண்ணையிலே அமர்ந்த வைதிகர்கள் அல்லர்; பொதுப் பணத்திலே நடந்த நிறுவனத்தின் விதி எழுதியவர்கள்! மனுவுக்கு வாரிசு மடத்திலே மட்டும் இல்லை என்பதை நாம் உணர வேண்டும்.

கைம்பெண்ணின் நிலையும் அப்படியே. நடுவண் அரசின் குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1964 சனவரி 1இலே வந்தது. அதற்கு முன்னே ஓய்வு பெற்றவரின் மனைவி, கணவனை இழந்ததும் சோற்றையும் இழந்தாள். 1985இலே வழக்காடித்தான், அவர்களுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்ற நிலை வந்தது. இருபதாண்டு இடைவெளியிலே, அந்த நாளைக் காணாமல் கண்ணை மூடியோர்க்கு யார் ஈடு செய்வார்?

இனி நம் தலைமுறைக்கு வருவோம். தமிழ்நாட்டிலே 2003 ஏப்ரல் 1 முதலும், நடுவண் அரசிலே, படையினர் நீங்கலாக, 2004 சனவரி 1 முதலும் புதிதாகப் பணியேற்றோர்க்குப் பழைய ஓய்வூதியம் நின்றது. பங்களிப்புத் திட்டம் வந்தது. நடுவண் அரசின் திட்டத்திலே ஊழியர் பத்திலொரு பங்கு கட்ட வேண்டும்; அரசும் கட்டும்; திரண்ட தொகை சந்தையிலே சுழலும்; ஓய்வு பெறும்போது அதிலே குறைந்தது 40 விழுக்காட்டைக் கொண்டு வாழ்நாள் ஓய்வூதியம் வாங்க வேண்டும். எவ்வளவு வரும்? சந்தையைக் கேட்க வேண்டும். 2003 டிசம்பரிலே வெறும் அறிவிக்கையால் தொடங்கிய அத்திட்டத்துக்கு நாடாளுமன்றச் சட்டம் வந்தது 2013இலே. பத்தாண்டு, சட்டம் இல்லாமலே சம்பளம் பிடித்தனர்! ஆசிரியரும் ஊழியரும் 2019 சனவரியிலே தமிழ்நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தது இதனாலும்தான். நடுவண் அரசு 2024 ஆகஸ்டிலே இறங்கி வந்து, 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று தன் ஊழியர்க்கு ஒரு வாய்ப்பளித்தது: 25 ஆண்டு பணியாற்றினால், இறுதிப் பன்னிரண்டு திங்களின் சராசரி அடிப்படைச் சம்பளத்திலே பாதிக்கு உறுதி. உறுதி என்ற சொல் மீண்டும் வந்தது. கெஞ்சியதால் அன்று, கேட்டதால்!

இங்கே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். ஏர் பிடிப்பவனுக்கும் நெசவாளிக்கும் கல் உடைப்பவளுக்கும் இல்லாத ஓய்வூதியம், வரிப்பணத்திலே சம்பளம் பெறும் சிலருக்கு மட்டும் ஏன்? பகுத்தறிவாளர் இக்கேள்வியைக் கண்டு ஓடலாகாது. கருவூலம் வற்றாத ஊற்றன்று என்பதும் மெய். ஆயினும், ஒருவன் தட்டிலே சோறு இருக்கிறது, மற்றவன் தட்டு காலியாக இருக்கிறது என்றால், இரண்டையும் காலியாக்குவதா சமத்துவம்? 1962இலே தமிழ்நாட்டிலே ஆதரவற்ற முதியோர்க்கு ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. எந்த முதலாளியிடமும் பதிவேடு இல்லாத மக்களுக்கும் முதுமை உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது. அவ்வழியை விரிக்க வேண்டும். அத்தொகையை வாழத் தக்கதாக உயர்த்த வேண்டும். ஊழியனின் உரிமையைக் குறைத்துத்தான் உழவனுக்குத் தர முடியும் என்பவர், மன்னர் மானியம் நடந்த இருபதாண்டும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தாரா?

இளைஞர்களே! நாம் இருபதிலே நிற்கிறோம். அறுபது வெகு தொலைவிலே தெரிகிறது. ஆயினும், அறுபதின் கஞ்சி இருபதிலே கையெழுத்திடும் தாளிலே எழுதப்படுகிறது. பணியாணை கைக்கு வந்ததும் வீட்டிலே கற்பூரம் கொளுத்துகிறார்கள், கொளுத்தட்டும். நாம் அந்தத் தாளைப் படிப்போம். இந்நிறுவனம் எச்சட்டத்தின் கீழே? வைப்பு நிதியா, ஓய்வூதியமா? விலக்குப் பெற்றிருந்தால், மாற்றாகத் தருவது என்ன? நம்மோடு வேலை செய்யும் ஒப்பந்தத் தோழனுக்கும் துப்புரவுத் தோழிக்கும் அது உண்டா? நம் மனைவிக்கு, நம் கணவனுக்கு நம் மறைவுக்குப் பின் உண்டா? இவற்றைக் கேட்போம். விடை கிடைக்காவிட்டால், சங்கத்திலே சேர்ந்து கேட்போம்.

நகரா கேட்டார், இலட்சக்கணக்கானவர் பெற்றனர். ஒப்பந்த ஊழியர் கேட்டனர். அடைத்த கதவு திறந்தது. கேளாத இடத்திலே இன்னும் 'உபகாரச் சம்பளம்'தான் நடக்கிறது, பெயர் எதுவாயினும். மாதத்தின் முதல் வாரத்திலே, வங்கி வாசலிலே தடியூன்றி நிற்கும் முதியவரைப் பாருங்கள். அவர் கை நீட்டி நிற்கவில்லை. முப்பதாண்டுக்கு முன்னே கொடுத்து வைத்ததைத் திரும்பப் பெற வந்திருக்கிறார். அவர் கை கீழே இல்லை என்பதை முதலில் நாம் அறிவோம். பிறகு நாட்டுக்கு அறிவிப்போம்.